வாடிக்கைக்காரர் ஏன் விலகினார்?

புணே நகரில் குடியேறும் தமிழர் எவரும் முதல் வாரத்திலேயே கேட்டறியும் செய்திகள் மூன்று உண்டு. பழைய பேட்டைகளிலுள்ள கடைகளுக்குப் பிற்பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே செல்வதில் பயனில்லை என்பது முதலாவது. விலையைக் குறைத்துக் கேட்கலாகாது என்பது இரண்டாவது. வேண்டாத வினாக்களைக் கடைக்காரரிடம் தொடுக்கலாகாது என்பது மூன்றாவது. ஒருவரும் சொல்லாவிடினும், கடைகளில் தொங்கும் அறிவிப்புப் பலகைகள் இவற்றைச் சொல்லிவிடும். ‘புணேரி பாட்யா’ என்று மராத்தியர் சிரித்துக்கொண்டே குறிப்பிடும் இப்பலகைகள் வெகு பிரசித்தம். வானொலியிலும் பணியாற்றிய மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே (1919–2000), மும்பைக்காரர், நாகபுரிக்காரர், புணேக்காரர் ஆகிய மூவரையும் ஒப்பிட்டுச் செய்த நகைச்சுவைச் சித்திரத்தில், வந்தவரைப் பொருட்படுத்தாத புணேக் கடைக்காரரும் இடம் பெற்றார். அதனைக் கேட்டுப் புணேக்காரர்களே விழுந்து விழுந்து சிரித்தனர்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். வாடிக்கைக்காரர்கள் அக்கம்பக்கத்துக் கடையை விட்டுப் பெரிய அங்காடிகளை நாடிச் சென்றது மெய். அதற்குக் கடைக்காரரின் கடுஞ்சொல்தான் காரணமா? அதுவே காரணமாயின், அக்கடைகள் பல தலைமுறைகள் தழைத்திருந்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணக் கடைத்தெருவின் சரித்திரத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

1730-இல் முதலாம் பாஜிராவ் பேஷ்வா சனிவார் வாடாவுக்கு அடிக்கல் நாட்டிய பின்னர் புணே விரைந்து வளர்ந்தது. பேஷ்வாக்கள் ஆட்சியில் புதிய பேட்டைகள் தோன்றின. நம் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் வழங்கும் அதே சொல்தான் மராத்தியில் ‘பேட்’ என வழங்குகின்றது. புதவார், சுக்ரவார், ரவிவார் என்று கிழமைகளின் பெயரால் சில பேட்டைகளும், ராஸ்தே குடும்பத்தின் பெயரால் ராஸ்தா பேட்டை போன்றவையும் அமைந்தன. புதிய பேட்டையில் வணிகர் வந்து குடியேற வேண்டும் என்பதற்காக வரிச்சலுகைகள் வழங்கப்பட்டன. அக்காலத்து அரசு, வணிகரை வருந்தி அழைத்தது என்பது இதனால் விளங்கும். வாங்குபவரை எவரும் அழைக்கவில்லை. அருகில் வேறு கடை இல்லாமையால் அவர் தாமே வந்தார்.

1886-இல் ஆங்கில ஆட்சியினர் கவர்னர் ரே பிரபுவின் பெயரால் பெரிய காய்கறிச் சந்தைக் கட்டடம் ஒன்றைத் திறந்தனர். இன்று மகாத்மா புலே மண்டை என வழங்குவது அதுவே. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தபோது, திலகரின் ஊராகிய புணே அதன் பெருநிலையமாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அந்நியத் துணிகள் இந்நகரில் தீக்கிரையாயின. உள்நாட்டுச் சரக்கை வாங்குவது தேசபக்தியின் அடையாளமாயிற்று. அது போற்றத்தக்க எழுச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு: வாங்குபவர் கடமையின் பொருட்டு வந்தார், கடமையின் பொருட்டு வருபவரை உபசரிக்க வேண்டிய தேவை விற்பவருக்கு இல்லை.

அடுத்து வந்தது பஞ்சகாலம். இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பங்கீடு தொடங்கிற்று. விடுதலைக்குப் பின்னும் தட்டுப்பாடு நீங்கவில்லை; 1955-இல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் இயற்றப்பட்டது. சர்க்கரை, மண்ணெண்ணெய், அரிசி யாவற்றுக்கும் வரிசையில் நிற்க நேர்ந்தது. பண்டம் அரிதாகும்போது விற்பவர் கொடையாளியாகவும், வாங்குபவர் இரவலராகவும் மாறிவிடுவது இயல்பு. சரக்கு இருக்கிறதா என்று கேட்பதே ஒரு விண்ணப்பமாக மாறிற்று. கடைக்காரரின் கடுமை ஒரு நகரத்தாரின் பிறவிக்குணமன்று. பற்றாக்குறை பல ஆண்டுகள் நாடெங்கும் பயிற்றிய பழக்கம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

புணேக் கடைக்காரரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே விலை, பேரம் இல்லை என்றால், ஏழைக்கும் செல்வர்க்கும், மராத்தி அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் விலை ஒன்றே என்பது பொருள். ஊருக்குப் புதியவரான தமிழருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? இனிக்க இனிக்கப் பேசி எடையில் குறைப்பவரைக் காட்டிலும், முகம் கொடுத்துப் பேசாமல் நிறுத்துக் கொடுப்பவர் மேலானவர் அல்லரோ? பகல் மூடலுக்கும் காரணம் இருந்தது. குடும்பத்தினரே நடத்தும் கடைகளில், விடியற்காலையில் கதவைத் திறந்து இரவு வரை நிற்பவர்கள் நடுப்பகலில் உண்டு இளைப்பாறினார்கள். சாங்லி மாவட்டத்துப் பிலவடியில் பால் வியாபாரமாகத் தொடங்கிப் புணேக்கு வந்து, ‘பாக்கர்வடி’ என்னும் தின்பண்டத்தால் பெயர் பெற்ற சித்தளே பந்து நிறுவனத்தின் பிற்பகல் மூடல் நகரின் வேடிக்கைப் பேச்சாகவே விளங்கிற்று. அங்கே மூடிய கதவு எவரையும் நிரந்தரமாக விரட்டிவிடவில்லை. நான்கு மணிக்கு வரிசை நின்றது. பண்டத்தின் தரம் அவ்வரிசையை நிறுத்திற்று.

ஆகவே கடுஞ்சொல் மட்டுமே வாடிக்கைக்காரரைத் துரத்துவதில்லை. நேர்மை உள்ளவரை அதனை மக்கள் பொறுத்தார்கள். கடுஞ்சொல்லோடு கள்ள எடையும் கலப்படமும் சேரும்போதுதான் பொறுமை எல்லை கடக்கின்றது. அப்போது மக்கள் செய்வது என்ன?

இதற்கு முதல் விடையை அளித்தவர்கள் தமிழ்நாட்டார் என்பதில் நாம் பெருமிதம் கொள்ளலாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் தொழிலாளர் இருபத்தெண்மர் கூடித் தமக்கெனத் தாமே ஒரு கடை திறந்தனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க வியாபாரம் என்பன அவர்கள் கொள்கைகள். அவ்வழியைப் பின்பற்றி 1904-இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் நுகர்வோர் கூட்டுறவுக்கு அது முன்னோடி. பொருமிக்கொண்டே வாங்குவதைக் காட்டிலும் தாமே விற்பது மேல் என்று நடுத்தரக் குடும்பத்தினர் கண்ட முடிவு அது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் புணேயிலும் அதே எண்ணம் வேறு வடிவில் எழுந்தது. 1972-இன் கொடிய வறட்சிக்குப் பிறகு விலைவாசி வானளாவ உயர்ந்திருந்த காலம். கோவா விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவரான பிந்துமாதவ் ஜோஷி, 1974-இல் இந்நகரில் ‘கிராஹக் பஞ்சாயத்’ என்னும் நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினார். குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் முறை இவ்வியக்கத்தின் வழியே பரவிற்று. திலகர் சாலையில் ‘கிராஹக் பேட்’ என்னும் அங்காடியும் உருவாயிற்று. கிழமைகளின் பெயராலும் சர்தார்களின் பெயராலும் பேட்டைகள் நிறைந்த ஊரில், வாடிக்கைக்காரர் பெயரால் ஒரு பேட்டை! இருநூறு ஆண்டுகளாக அழைப்பின்றி வந்தவருக்கு அப்போதுதான் ஒரு முகவரி கிடைத்தது.

நாடெங்கும் எழுந்த இத்தகைய இயக்கங்களின் விளைவாக, 1986 டிசம்பர் 24-ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழுதுள்ள பொருளுக்கும் குறைபாடுள்ள சேவைக்கும் இச்சட்டங்கள் பரிகாரம் அளிக்கின்றன. ஆனால் வாசலில் நிற்பவரை நிமிர்ந்து பாராமல் இருக்கும் கடைக்காரர் மீது எந்த மன்றத்தில் வழக்குத் தொடுப்பது? எடையைச் சட்டம் திருத்தலாம். மதிப்பைச் சட்டம் வழங்க இயலாது.

கூட்டுறவாயினும் இவ்விதியிலிருந்து தப்புவதில்லை. 1966-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட சில வாரங்களில், விலையேற்றத்தைத் தடுக்கும் நோக்கத்தோடு டில்லியில் ‘சூப்பர் பஜார்’ திறக்கப்பட்டது. மக்கள் அலைமோதினார்கள். எனினும் நஷ்டம் பெருகி, 2002-இல் அது மூடப்பட்டது. எல்லாருக்கும் சொந்தமான கடை, கவனிப்பார் இல்லாவிடில் எவருக்கும் சொந்தமற்ற கடையாகிவிடும்.

இனி, பெரும் மாறுதல் நிகழ்ந்த கட்டத்திற்கு வருவோம். 1990 முதல், பொட்டலப் பண்டங்களின் மீது எல்லா வரிகளும் உட்பட்ட உச்ச விலையை அச்சிடுவது கட்டாயமாயிற்று. இதன் விளைவு ஆழமானது. விலையை அறிந்தவர் கடைக்காரர் ஒருவரே என்ற நிலை மறைந்தது. அதே சோப்பு எக்கடையிலும் ஏறக்குறைய அதே விலை என்றான பின், ஒரு கடைக்காரர் தனியாக விற்கக்கூடியது தம் நடத்தை ஒன்றே. பழைய பேட்டைகளில் பலர் இதனை உணரவில்லை.

அந்நேரத்தில் ‘நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்னும் முறை வந்து சேர்ந்தது. இது 1916-இலேயே அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் தம் ‘பிக்லி விக்லி’ கடையில் தொடங்கிய ஏற்பாடு. 1996-இல் சென்னையில் ‘ஃபுட்வேர்ல்ட்’, 2002-இல் மும்பையில் ‘டிமார்ட்’ என்று நம் நாட்டில் அத்தகைய அங்காடிகள் முளைத்துப் பிற நகரங்களுக்கும் பரவின. மலிவு விலையால் மட்டும் மக்கள் அங்கே சென்றார்கள் என்று கருதுவது முழு உண்மை ஆகாது. தொட்டுப் பார்க்கலாம், திருப்பிப் பார்த்து விலையைப் படிக்கலாம், வேண்டாமெனில் திரும்ப வைக்கலாம், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும். துவரம்பருப்புக்கு இங்கே ‘தூர் டாள்’ என்று பெயர், கொத்தமல்லிக்குக் ‘கோதிம்பீர்’ என்று பெயர் என்பனவற்றை அறியாத நாட்களில், கடையின் முன் நின்று கைச்சாடை காட்டிய கூச்சம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். புதிய அங்காடி அக்கூச்சத்தைப் போக்கிற்று. அங்கே நமக்கு மரியாதை கிடைத்தது என்பதைவிட, அவமதிப்பு கிடைக்கவில்லை என்பதே பொருந்தும்.

இந்த மாறுதலில் இழப்பும் உண்டு. ‘தூர் டாள்’ என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதே பேட்டைக் கடைக்காரர்தான். சம்பளம் வரும் வரை கணக்கில் எழுதிக்கொண்டு பண்டம் கொடுத்தவர் அவர். மருந்து வாங்கவும் வாடகை வீடு காணவும் வழி சொன்னவர் அவர். இயந்திரத்தில் பட்டியலிட்டுப் பணம் பெறும் சிப்பந்திக்கு நம் பெயர் தெரியாது. 2020 மார்ச்சில் நாடு முழுதும் ஊரடங்கிக் கிடந்தபோது, தெருமுனைக் கடைகளே பல குடும்பங்களுக்கு உணவளித்தன. தொலைபேசியில் சொன்னதை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தவர்களை மக்கள் நன்றியோடு நினைக்கின்றனர். விலகிப்போன வாடிக்கைக்காரர் திரும்பி வரக்கூடியவரே என்பதற்கு அதுவே சான்று.

காலத்தை உணர்ந்தவர்களும் இல்லாமலில்லை. பிற்பகல் மூடலுக்குப் பேர் போன சித்தளே பந்து நிறுவனமே 2017-இல் அந்நேரத்திலும் கடையைத் திறந்து வைக்க முற்பட்டபோது, அது செய்தித்தாள்களில் இடம்பெறும் செய்தியாயிற்று. தரம் உள்ளவரே தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார் எனில், ஏனையோர் சிந்திக்க வேண்டாவா?

இறுதியாக நம்மவர் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். ராஸ்தா பேட்டையிலும், மும்பையின் மாட்டுங்காவிலும், டில்லியின் கரோல்பாக்கிலும் தென்னிந்தியச் சரக்குக் கடைகள் உண்டு. அப்பளமும் காப்பித்தூளும் நல்லெண்ணெயும் அங்கன்றி வேறெங்கும் கிடைக்காது என்றிருந்த காலத்தில், ஊர்ப்பற்றால் நாம் அவற்றை நாடினோம். சுதேசி நாட்களில் கடமை செய்த வேலையை இங்கே ஊர் நினைவு செய்தது. இப்பொழுது அவையனைத்தும் எந்த அங்காடியிலும் கிடைக்கின்றன. இந்நகரங்களிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் நினைவும் இல்லை. அவர்கள் ஒரு முறை அலட்சியமாக நடத்தப்பட்டால் மறுமுறை வருவதற்கு எக்காரணமும் இல்லை. அக்கடைகள் மறையுமாயின், அயலூரில் தமிழ்ச்சொல் கேட்கும் இடங்களுள் ஒன்று குறையும்.

திருவள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் மனநிலையையே அவர் வாணிகத்தின் அறமாகக் கண்டார். தராசைச் சரியாகப் பிடிக்கப் பழகிய கை நம் கடைக்காரருக்கு உண்டு. வாசலில் வந்து நிற்பவரையும் தமக்கு நிகராக எண்ணினால், போனவர்களுள் பலர் திரும்பி வருவர்.