பின்புலம் நீங்கிய உருவம்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடப்பெறும் வட்டக்களரிக்குப் பின்திரை என ஒன்று இல்லை. நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்திருக்க, அரசனும் அரக்கனும் வெட்டவெளியில் நின்றே ஆடுவர். கொலுமண்டபமும் கானகமும் மத்தள ஒலியிலும் தருவின் சொல்லிலும் தோன்றி மறைவன. ஆடுவோனின் உருவம் ஒன்றே. அது நிற்கும் களம் பாட்டுக்குப் பாட்டு மாறுவது. வீடியோ விளையாட்டுகளின் அவதார உருவங்களைப் பின்புலம் நீக்கிப் படமாக்கும் முறை இன்று இளைஞரிடையே பரவலாகப் பயில்கின்றது. அதன் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இக்களரி நல்லதொரு தொடக்கம் என்பது எமது கருத்து.

அவதாரம் என்பது இறங்கி வருதலைக் குறிக்கும் வடசொல். 1985இல் ரிச்சர்ட் கேரியட் ஆக்கிய 'உல்டிமா' நான்காம் பாகத்தில் அச்சொல் விளையாட்டின் தலைவனுக்குப் பெயராயிற்று. 1986இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தின் 'ஹாபிடாட்' விளையாட்டில், பலர் கூடும் கற்பனை உலகில் ஒருவர் தமக்குப் பதிலாக நிறுத்தும் உருவத்தையே அது குறிக்கலாயிற்று. மேற்றிசை சென்ற சொல் 'அம்' ஈற்றை இழந்து, 'அவதார்' எனத் திரும்பி வந்து நம் இளைஞர் நாவில் வழங்குவது சொல்லாராய்ச்சியாளர் சுவைக்கத்தக்க செய்தியாகும்.

உருவம் களத்துக்குக் களம் நகர வேண்டுமாயின், அதனைச் சூழ்ந்த வெற்றிடம் திரையில் தோன்றுதல் கூடாது. 1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினி இதற்குக் கண்ட வழி எளியது. நகரும் சிற்றுருவம் ஒவ்வொன்றும் 24 புள்ளி அகலமும் 21 புள்ளி உயரமும் உடையது. ஆக 504 புள்ளிகள். ஒரு புள்ளிக்குரிய எண் ஒன்றாயின் நிறம் தோன்றும். சுழியாயின் பின்னுள்ள காட்சி தோன்றும். 1989ஆம் ஆண்டு ஜிஃப் படவடிவமும் ஏறக்குறைய இவ்வழியையே பின்பற்றி, ஒரு நிறத்தை மட்டும் 'இல்லாததாக' அறிவிக்க இடமளித்தது. உண்டு, இல்லை என்னும் இரண்டனுக்கும் இடைப்பட்ட நிலை இன்மையால், உருவத்தின் விளிம்பு படிக்கட்டுப் போல வெட்டுண்டு நின்றது.

இவ்விடைநிலைக்கு வழி முன்னரே காணப்பட்டிருந்தது. 1977 அளவில் நியூ யோர்க் தொழினுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய எட் கட்முல், அல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகளுடன் நான்காவதாக ஓர் அளவையும் ஒவ்வொரு புள்ளிக்கும் வழங்கி, அதற்கு 'அல்ஃபா' எனப் பெயரிட்டனர். அப்புள்ளி பின்னுள்ளதை எவ்வளவு மறைக்கும் என்பதை அது கூறும். 1984இல் தோமஸ் போட்டரும் டொம் டஃபும் இவ்வளவைக்கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று அமைக்கும் கணிதத்தை வகுத்தனர். 1996இல் ஏற்பு எய்திய பிஎன்ஜி வடிவம் அதனைப் பொதுமக்கள் கைக்குக் கொணர்ந்தது. பொதுவழக்கில் இவ்வளவு 0 முதல் 255 வரை செல்லும். பாடசாலை விஞ்ஞானத்தில் நாம் கற்ற ஊடுகாட்டும் பொருள், ஒளிகசியும் பொருள், ஒளிபுகாப் பொருள் என்னும் மூவகையும் இவ்வொரே எண்ணில் அடங்கிவிடுகின்றன.

நடைமுறையில் இருவழிகள் உள. விளையாட்டு இயந்திரமே முப்பரிமாண உருவத்தை வெற்றிடத்தில் வரைந்து தருமாயின் வெட்டும் வேலை இல்லை. எப்புள்ளி வெறுமை என்பதை அது அறியும். திரையில் தோன்றிய படத்திலிருந்து உருவத்தைப் பிரித்தெடுப்பதே இடர் மிக்கது. விளிம்புப் புள்ளிகளில் உருவத்தின் நிறமும் பழைய பின்புலத்தின் நிறமும் கலந்தே இருக்கும். வெண்திரை முன் எடுத்த உருவத்தைக் கருங்களத்தில் வைத்தால் சுற்றிலும் வெள்ளைக் கோடு ஒளிர்வது இதனாலேயே. விளிம்பின் மறைப்பளவைக் குறைத்தல் மட்டும் போதாது. அந்நிறத்தினின்று பழைய பின்புலத்தின் பங்கையும் கழித்தல் வேண்டும். இத்தனையும் செய்து முடித்து, இறுதியில் ஜேபெக் வடிவில் சேமிப்போர் அனைத்தையும் இழப்பர். அவ்வடிவில் அல்ஃபாவுக்கு இடமே இல்லை.

வடமோடி அரசன் ஒருவனை அவதாரமாக்க முனையும் மாணவர் இவ்விடரை மும்மடங்காகக் காண்பர். கரப்புடுப்பின் விரிந்த விளிம்பும் மணிக் குஞ்சங்களும் ஒருபுறம் இருக்க, அணிகளிற் பதித்த கண்ணாடித் துண்டுகளில் தெரிவது களரியின் விளக்கொளி அன்றோ! அதனைத் துடைத்தால் அணி மங்கும். விட்டுவைத்தால் புதிய உலகில் பழைய களரி மின்னும். எது தக்கது? விட்டுவைப்பதே தக்கது என்போம்.

இவ்வினா கூத்துக்குப் புதியதன்று. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தினைப் படச்சட்ட மேடையில் ஏற்றியபோது, விடிய விடிய நிகழ்ந்த ஆட்டம் சுருங்கி, நாற்புறப் பார்வை ஒருபுறமாயிற்று. அதனாற் கூத்து நாடறிந்த கலையாயிற்று என்பதை மறுத்தல் இயலாது. பின்னர், 2000ஆம் ஆண்டுகளில் சி. ஜெயசங்கர் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் எதிர்த்திசையில் நின்று, கூத்தினை ஆடும் சமூகத்தோடும் களரியோடும் வைத்தே நோக்கிற்று. கணினி அவதாரமோ படச்சட்ட மேடையினும் ஒருபடி மேற்சென்று, ஊரையும் அண்ணாவியாரையும் உடுப்புக் கட்டியவரையும் ஒருசேர வெறுமையாக்கவல்லது. பணம் கொடுத்து அவதார உடை வாங்கும் வழக்கம் பெருகிய இந்நாளில், பெயர் நீங்கிய உடுப்பு எவர் பொருளாகவும் விலைபோகும்.

பிஎன்ஜி கோப்பினுள் படத்தோடு தலைப்பு, ஆக்கியோர் பெயர், விவரணம் ஆகியவற்றை எழுத்தாகச் சேர்க்க இடம் உண்டு. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் யூனிக்கோடு எழுத்துகளையும் ஏற்றமையால் அவற்றைத் தமிழிலேயே எழுதலாம். படத்தின் பின்புலம் நீங்கினாலும் ஊரின் பெயரும் அண்ணாவியார் பெயரும் அங்கு தங்கும். எனினும் பதிவேற்றத்தின்போது இவ்வெழுத்துகளை அகற்றிவிடும் இணையச் சேவைகள் உளவாதலின், கோப்பின் பெயரிலேயே ஊரின் பெயரையும் இட்டுவைத்தல் நலம்.