அட்டை எண்ணும் இரண்டாம் பூட்டும்

கடன் அட்டையின் எண் மறைத்து வைப்பதற்காகப் பிறந்ததன்று, காட்டுவதற்காகப் பிறந்தது. 1950இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப்பின் அட்டை, உணவகத்தில் எடுத்துக் காட்டிக் கணக்கில் எழுதச் சொல்வதற்கே பயன்பட்டது. இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் சென்ட்ரல் கார்டை வெளியிட்ட காலத்திலும் நடைமுறை பெரிதும் மாறவில்லை. புடைத்த எழுத்துகள் கொண்ட அட்டையைக் கடைக்காரர் சிறு கருவியில் வைத்து உருளையை இழுப்பார். கார்பன் தாள் வழியே எண் சீட்டில் பதியும். அட்டையின் பின்புறக் கையெழுத்தும் சீட்டில் இட்ட கையெழுத்தும் ஒத்திருந்தால் வணிகம் முடிந்தது. காவலாக நின்றவை அட்டை என்னும் பொருளும் கையெழுத்துமே, எண் அன்று.

இணையம் அவ்விரண்டையும் அகற்றிவிட்டது. 2002இல் ஐஆர்சிடிசி இணையவழி முன்பதிவைத் தொடங்கியபோது, பயணச்சீட்டேனும் கூரியரில் வீடு வந்து சேர்ந்தது. பிற்பாடு அதுவும் மின்சீட்டாயிற்று. விற்பவர் வாங்குபவரைக் காண்பதில்லை, அட்டையையும் காண்பதில்லை. எஞ்சியவை எண், காலாவதி நாள், சிவிவி எனப்படும் மூன்றிலக்கக் குறியீடு ஆகியவையே. மூன்றும் அட்டையின் மேலேயே அச்சிடப்பட்டவை. கட்டணம் செலுத்த அட்டையை வாங்கிச் செல்லும் எவரும் ஒரு நிமிடத்தில் அவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்நிலையில்தான் இந்திய ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரி 18 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அட்டையில் காணப்படாத ஒரு தகவலைக் கொண்டு, இணையவழிப் பரிவர்த்தனை ஒவ்வொன்றையும் கூடுதலாக உறுதிசெய்ய வேண்டும் என்றது. 2009 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயமாயிற்று. முதலில் வாடிக்கையாளரே அமைத்துக்கொண்ட கடவுச்சொல்லாகவும், பின்னர் பெரும்பாலும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியாகவும் அந்த இரண்டாம் பூட்டு அமைந்தது. அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் அன்று இல்லை.

வணிகர்களுக்கு இது இடையூறாகத் தோன்றியது. ஊபர் நிறுவனம் பயணக் கட்டணத்தை வெளிநாட்டு வழியே பெற்று, இரண்டாம் பூட்டின்றி வசூலித்துவந்தது. இந்திய அட்டையைக் கொண்டு இந்தியாவுக்குள் பெறும் சேவைக்கு இவ்வாறு செய்வது விதிமீறல் என 2014 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தி, அக்டோபர் 31 வரை காலக்கெடு அளித்தது. ஊபர் நவம்பரில் பேடிஎம் பணப்பைக்கு மாறியது.

ஆயினும் வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இன்றியே பணம் எடுக்கும் வாய்ப்பு எஞ்சியிருந்தது. 2020இல் வந்த விதி அதற்கு ஒரு தடுப்பு தந்தது. புதிய அட்டைகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே இருக்கும்; வேண்டுபவர் வங்கியின் செயலியில் தாமே திறக்கலாம், மூடலாம், வரம்பும் வைக்கலாம். 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் முழு அட்டை எண்ணைச் சேமிப்பதும் நின்றது. அதனிடத்தில் அத்தளத்திற்கு மட்டுமே செல்லும் டோக்கன் வந்தது. தளத்தின் தரவு களவுபோனாலும் அது பிறிதோரிடத்தில் பயன்படாது.

பூட்டுகள் வலுப்பெற்றபோது திருடர் வழியை மாற்றிக்கொண்டனர். எண்ணைக் களவாடுவதை விட்டு, வங்கி அதிகாரி போலப் பேசி ஓடிபியைக் கேட்டுப் பெறத் தொடங்கினர். இங்கேதான் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின் முக்கியத்துவம் தெரிகிறது. வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. அவர்மீது பொறுப்பு உண்டென்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியையே சாரும். ஆனால் ஓடிபியை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவருடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியினுடையது.

ஆகவே ஏமாந்தவர் நாணி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கணக்கிலேயே எழுதப்படுகிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடி வைப்பது, இணைய வரம்பைக் குறைத்து வைப்பது, குறுஞ்செய்தியை அன்றன்றே படிப்பது, ஐயம் எழுந்தவுடன் அட்டையை முடக்கி வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிப்பது: எழுபது ஆண்டு வரலாறு அட்டை வைத்திருப்பவர் கையில் விட்டுச்சென்ற வேலைகள் இவை.