சூலகித்தி நரசம்மா

கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. பேப்பரில் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இது நம் தமிழில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது. அப்படிச் சிக்கிய சொல்தான் 'சூலகித்தி'. பிரசவம் பார்ப்பவள் என்று அர்த்தம். வேறொன்றுமில்லை, நம்ம 'சூல்' தான். சூலி என்றால் கர்ப்பிணி இல்லையா, அந்தச் சூல். கர்நாடகத்தில் இந்தச் சொல் ஒரு பாட்டியின் பெயருக்கு முன்னால் பட்டம் மாதிரியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சூலகித்தி நரசம்மா.

2018 ஜனவரியில் பத்ம விருதுகள் அறிவித்தபோது இளையராஜாவுக்குப் பத்ம விபூஷண். நம்மாட்கள் அந்தக் கொண்டாட்டத்தில் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போகவே இல்லை. அங்கே பத்மஸ்ரீ வரிசையில் இருந்தது இந்தப் பெயர். அப்போது அவருக்கு வயது 97.

தும்கூர் மாவட்டம் பாவகடா தாலுகா, கிருஷ்ணாபுரம். 1920-இல் ஒரு நாடோடிப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது தெலுங்கு. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. 12 வயதில் கல்யாணம். பிரசவத் தொழிலை, அவரும் ஒரு மருத்துவச்சியான பாட்டி மரிகெம்மாவிடம் கற்றுக்கொண்டார். நரசம்மாவின் சொந்தப் பிரசவங்களில் ஐந்தைப் பார்த்ததும் அதே பாட்டிதான். 1940-இல், இருபது வயதில், உறவுக்காரப் பெண் ஒருவரின் பிரசவத்தில் கூட நின்று உதவியதுதான் ஆரம்பம். ஊருக்குள் வந்துபோகும் நாடோடிக் கூட்டங்களிடம் பச்சிலை மருந்து கேட்டுக் கேட்டுக் கற்றார். வயிற்றைத் தொட்டே குழந்தையின் தலை எந்தப் பக்கம், நாடி எப்படி என்று சொல்லிவிடுவாராம்.

எழுபது வருஷத்தில் பார்த்த பிரசவம் 15,000-க்கு மேல் என்கிறார்கள். பொட்டி தட்டுகிறவன் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு நாலு! எழுபது வருஷமும் விடாமல், மழை, திருவிழா, சொந்த வீட்டுச் சாவு எதற்கும் லீவு போடாமல் வாரத்துக்கு நாலு. இதற்கு நடுவில் இவரே பெற்றது பன்னிரண்டு. அதில் நாலு சிறு வயதிலேயே போய்விட்டன.

இந்த 'நாலு' எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. "அந்தக் காலத்துல எல்லாம் வீட்டுலயே சுகப்பிரசவம், இப்பத்தான் ஆஸ்பத்திரிக்காரன் பயமுறுத்துறான்" என்று வாட்ஸப்பில் பாடம் நடத்துகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. எங்கள் அப்பத்தா சொல்லும்: "பெத்தது ஏழு, தங்குனது நாலு". ஏதோ வெள்ளாமைக் கணக்கு மாதிரி. எங்கள் பக்கம் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். நடுராத்திரியில் கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள், மறுநாள் திண்ணையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்தின் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் குடியிருக்கும் மல்லேஸ்வரத்தின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். 1898-இல் பெங்களூரில் பிளேக் வந்தது. பேட்டைத் தெருக்களின் நெரிசலில் இருந்து ஜனங்களை வெளியேற்றக் காற்றோட்டமான வீடுகள், அகலமான வீதிகள் என்று அளந்து போட்ட பேட்டைகள் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். கொள்ளைநோய்க்குப் பயந்து பிறந்த ஊர் இது. இன்றைக்கு இங்கே கே.சி. ஜெனரல் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். இதே மைசூர் சமஸ்தானம் 1930-லேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் நடத்தச் சொல்லி உத்தரவு போட்டது. அத்தனை முற்போக்கு! ஆனால் தும்கூர் ரோட்டைப் பிடித்து சுமார் 160 கிலோமீட்டர் போனால் அதே சமஸ்தானத்தின் பாவகடா. வறட்சிக்குப் பேர்போன தாலுகா. அங்கே ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்தால் இருந்தது நரசம்மாதான். (இப்போது பாவகடாவின் பெருமை 2,050 மெகாவாட் சோலார் பார்க். அந்த வெயிலுக்கும் ஒரு காலம் வந்தது!)

அது பாவகடாவின் தனித் தலையெழுத்தும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குப்படி 1992-93-இல் இந்தியாவில் ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவம் நூற்றுக்கு 26 தான். 2005-06-இல் 39. அந்த 2005-இல்தான் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டால் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்தது. 2019-21-இல் 89. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1997-98-இல் 398 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் அது 97 ஆகக் குறைந்தது. அதனால் ஆஸ்பத்திரி வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அதே 2019-21 கணக்கில், நூற்றுக்கு எத்தனை பிரசவம் சிசேரியன் தெரியுமா? நாடு முழுக்க 21.5. கர்நாடகத்தில் 31.5. நம்ம தமிழ்நாட்டில் 44.9! தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் நாடு முழுக்கவே 47. கத்தி எடுக்க வேண்டிய கேஸ் எது, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டிய கேஸ் எது? இந்தப் பொறுமையும் ஒரு வித்தைதான். நரசம்மா தலைமுறையிடம் அது இருந்தது. அவர்களிடம் இல்லாதது ரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர நமக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் "காசு வாங்காமல் செய்தார்" என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். உண்மைதான், கும்பிட வேண்டிய மனசு. எனக்கு மட்டும் அந்த வரியில் ஒரு முள் குத்துகிறது. சர்க்கார் சம்பளம் கொடுத்து நர்ஸ் போட்டிருக்க வேண்டிய ஊர்களில் ஒரு ஏழை அம்மா தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. விருதுகள் கடைசியில் மளமளவென்று வந்தன. 2014-இல் தும்கூர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத டாக்டர் நரசம்மா :)

நர்சுகளுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே முன்னின்று பார்க்க வழிசெய்யும் நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது 2018 டிசம்பரில். அதே மாதம் 25-ஆம் தேதி பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நரசம்மா காலமானார், நுரையீரல் கோளாறு. மகன்கள், மகள்கள், பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன்கள் என்று பெரிய குடும்பம். அவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்கள் சுமார் 180 பேர். அதில் அவருடைய மகளும் ஒருவர்.