ஐயநிலைச் செல்கள் (பாப் சோதனை)

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறியச் செய்யப்படும் பாப் சோதனையில், இயல்பானவை என்றும் சொல்ல முடியாமல், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்றும் உறுதி செய்ய முடியாமல் நிற்கும் செல்கள் ஐயநிலைச் செல்கள். மருத்துவர்கள் ‘அஸ்கஸ்’ என்பார்கள். இது நோயின் பெயர் அன்று. நுண்ணோக்கியில் பார்த்தவர் தம்மால் எதுவரை சொல்ல முடியும் என்று எழுதிய குறிப்பு. அறிக்கையைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாப் சோதனையை உருவாக்கிய ஜார்ஜ் பாப்பனிகோலாவின் முறையில் முடிவுகள் ஐந்து வகுப்புகளாக எண்ணிடப்பட்டன. ஒரே எண்ணை ஆய்வகங்கள் வெவ்வேறு பொருளில் கையாண்டதால், 1988இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பெதஸ்டாவில் புதிய சொல்முறை வகுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் ஐயநிலையை இரண்டாகப் பிரித்தது: பொருள் தெளிவில்லாதது ஒன்று, உயர்நிலை மாற்றத்தை விலக்க முடியாதது மற்றொன்று. முன்னது ‘அஸ்கஸ்’, பின்னது ‘அஸ்க்-ஹெச்’. பெயர் நெருங்கியிருந்தாலும் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது ஆபத்து.

அஸ்கஸ் செல்லின் உட்கரு, இயல்பான இடைநிலைச் செல்லின் உட்கருவைப்போல் பரப்பில் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை பெருத்திருக்கும். அழற்சி, மாதவிடாய் நின்றபின் சவ்வு மெலிதல், மாதிரி சரியாகப் பதியாமை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். அதனால் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் முடிவு மாறுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய ‘ஆல்ட்ஸ்’ ஆய்வில், முதலில் அஸ்கஸ் எனப்பட்ட 1,473 மாதிரிகளை இரண்டாமவர் பார்த்தபோது 43 விழுக்காட்டில்தான் அதே முடிவுக்கு வந்தார். மீதியில் பெரும்பாலானவற்றை இயல்பானவை என்றார்.

கண்ணால் தீராத இந்த ஐயத்தைத் தீர்க்க ஹெச்பிவி வைரஸ் சோதனை உதவுகிறது. இந்தப் புற்றுநோய்க்கு அந்த வைரஸே காரணம் என்று காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆல்ட்ஸ் ஆய்வில் அஸ்கஸ் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் வைரஸ் இருந்தது. வைரஸ் இல்லையென்றால் உடனடி அபாயம் மிகக் குறைவு. அமெரிக்க வழிகாட்டுதல்படி மூன்றாண்டு கழித்து மறுசோதனை போதும். இருந்தால் பொதுவாகக் கால்போஸ்கோபி (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தல்) செய்து, ஐயமான இடத்தில் சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் பயந்துவிடத் தேவையில்லை: பெரும்பாலான தொற்றுகள் இரண்டாண்டுக்குள் தாமாகவே நீங்குகின்றன. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களிடம் தொற்று வருவதும் போவதும் மிகச் சாதாரணம் என்பதால், ஓராண்டு கழித்து மீண்டும் பாப் சோதனை செய்வதையே அவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள்.

அஸ்க்-ஹெச் வந்தால் இந்தப் பொறுமை பொருந்தாது. வைரஸ் முடிவு எதுவானாலும் கால்போஸ்கோபி தேவை. சுரப்பிச் செல்களில் ஐயம் எழுந்தாலும் அப்படியே; அத்துடன் கருப்பை வாயின் உட்குழாயிலிருந்தும், முப்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கருப்பையின் உட்படலத்திலிருந்தும் திசு எடுக்கப்படும்.

‘மாதிரி போதவில்லை’ என்ற முடிவு ஐயநிலையில் சேராது. அதை ‘நோயில்லை’ என்றும் படிக்கக் கூடாது. இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மீண்டும் மாதிரி கொடுக்க வேண்டும். சவ்வு மெலிந்ததால் மாதிரி தெளிவில்லாதிருந்தால், சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு தந்தபின் எடுப்பார்கள்.