பொருள்வயிற் பிரிந்த தந்தையர்



தலைமகன் மனையைவிட்டுப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்துக் கூறியிருக்கிறார். ஓதல், பகை, தூது என்பவற்றோடு பொருளீட்டுதலும் அவற்றுள் ஒன்று. அதனைப் பொருள்வயிற் பிரிவு என்பர். சங்கச் சான்றோரின் பாலைத்திணைப் பாடல்களிலே இப்பிரிவைப் பற்றி நாம் நிறையக் கேட்கிறோம். அங்கே பெரிதும் ஒலிப்பது, வழிமேல் விழிவைத்து நிற்கும் தலைவியின் குரல். தந்தையைப் பிரிந்திருந்த புதல்வன் என்ன எண்ணினான் என்பதை அப்பாடல்கள் அதிகம் பேசுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்திலே இப்பொருள்வயிற் பிரிவு ஊர்தோறும் பரவிய ஒரு வாழ்க்கை முறையாயிற்று. தென்மராட்சியின் நடுநாயகமாக விளங்கும் சாவகச்சேரியையும், அதனைச் சூழ்ந்த மீசாலை, கொடிகாமம், மிருசுவில் முதலிய ஊர்களையும் மனத்திற்கொண்டு இவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம். உத்தியோகத்திலே தலைநிமிர்ந்து நின்ற தந்தை, தன் பிள்ளையின் அருகிலும் நிற்க முடிந்ததா? இதுவே நம் வினா.

முதலில், ஏன் பிரிந்தனர் என்பதை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. தென்மராட்சியின் வயல்கள் மாரிமழையை நம்பி ஆண்டுக்கு ஒருபோகம் விளைபவை. தென்னையும் பனையும், மாவும் பலாவும் நிரம்பிய வளமான மண்தான்; ஆயினும் தலைமுறைதோறும் காணி பங்குபட்டுச் சுருங்கியது. இந்நிலையில், 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் 1823இல் ஒரு செமினரியையும், உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். ஆங்கிலக் கல்வி பரவியது. சைவப் பெருமக்களும் தமக்கெனக் கல்லூரிகளை எழுப்பினர். சாவகச்சேரியிலே டிறிபேர்க் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் இவ்விரு நீரோட்டங்களின் சின்னங்களாக விளங்குகின்றன. படித்த இளைஞர் தொகை பெருகியது. அவர்க்கேற்ற உத்தியோகமோ ஊரில் இல்லை. கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞர் பதவி இருந்தது. 1896இல் ஒரு கூட்டமைப்பாக இணைக்கப்பட்ட மலாய் நாடுகளிலே புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, தபாற் பகுதி ஆகியன ஆங்கிலமறிந்தோரை அவாவி நின்றன. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழியை யாழ்ப்பாணத்தார் அளவு மெய்யாக்கியவர் வேறெவருமிலர் என்று கூறினும் மிகையாகாது.

தந்தை சென்றார், குடும்பம் ஊரிலேயே இருந்தது. இதற்குக் கொழும்பு வீட்டு வாடகை மாத்திரம் காரணமன்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தை நோக்கினால் மற்றொரு காரணம் புலப்படும். சீதனமாக வந்த வீடும் வளவும் மனைவிக்குரியவை. அவள் தன் தாய் தந்தையர்க்கும் உடன்பிறந்தார்க்கும் அருகிலேயே வாழ்ந்தாள். ஆகவே கணவன் இல்லாதபோதும் அவ்வீடு தனித்துவிடவில்லை. அம்மம்மாவின் மடியும், அப்புவின் கைத்தடியும், மாமனின் துவிச்சக்கர வண்டியும் பிள்ளைகளுக்கு இருந்தன. கோயிலும் பள்ளிக்கூடமும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. தந்தை தொலைவிலிருந்து உத்தியோகம் பார்ப்பதற்கு இடங்கொடுத்த அமைப்பு இதுவே.

அத்தொலைவை முதலிற் சுருக்கியது புகையிரதம். இவ்வகையிற் சாவகச்சேரிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தெற்கிலிருந்து இருப்புப்பாதை வந்து சேருமுன்னரே, காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. பாதை பளைக்கு நீளும் வரை, வடபகுதிப் புகையிரதத்தின் எல்லை சாவகச்சேரியாகவே இருந்தது. 1905இல் கொழும்பும் யாழ்ப்பாணமும் முழுமையாக இணைக்கப்பட்டன. அதற்கு முன் கடல்வழியாகவோ வன்னிக் காட்டு வழியாகவோ நாட்கணக்காகப் பயணம் செய்தவர், இப்போது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை ஓரிரவிற் கடக்கலாயினர். ஊரார் அதனைக் 'கோச்சி' என்று உரிமையோடு அழைத்தனர். 1956 ஏப்பிரிலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது அது பகற்பயணமாகவும் எளிதாயிற்று.

புகையிரதத்தினால் தந்தையர் இருவகையினராயினர் எனலாம். மலாயாவிலிருந்த தந்தை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுமுறையில் வருவார். வந்தவரைப் பிள்ளை முதலில் விருந்தினராகவே நோக்கும். பழகி முடிவதற்குள் கப்பலேறும் நாள் வந்துவிடும். சிலர் மனைவியரையும் அங்கு அழைத்துச் சென்றனர். ஆயினும் படிப்பின் பொருட்டுப் பிள்ளைகளை மட்டும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைத்தோர் பலர். கொழும்பிலிருந்த தந்தையின் நிலை வேறு. அரசாங்க உத்தியோகத்தர்க்கு வழங்கப்பட்ட இலவசப் புகையிரதச் சீட்டைத் தைப்பொங்கலுக்கும், சித்திரை வருடப் பிறப்புக்கும், ஊர்க்கோயில் திருவிழாவுக்குமாக எண்ணி எண்ணிச் செலவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு வண்டியேறிச் சனிக்கிழமை காலையில் இறங்கி, ஞாயிறு இரவே திரும்புவோரும் இருந்தனர். இரண்டு இரவுத் தூக்கத்தை விற்று இரண்டு பகலை வாங்கிய வாணிகம் அது. பிள்ளையோடு கிணற்றடியில் நின்று தண்ணீர் வார்ப்பதற்கும், பாடக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பதற்கும் அவ்விரண்டு பகல்கள் போதுமாயிருந்தனவோ இல்லையோ, அவற்றை விரும்பி வாங்கிய தந்தையரை வரலாறு மறத்தல் ஆகாது.

எஞ்சிய நாட்களிற் கடிதமே தந்தையின் உருவாயிற்று. நலம் கூறி நலம் வினாவுதலோடு தொடங்கும் அக்கடிதத்திலே காணி வேலை, வேலி அடைப்பு, மாட்டின் நிலை, உறவினர் வீட்டு நன்மை தீமை எல்லாம் வரும். பிள்ளைகளைப் பற்றிய பகுதியோ பெரும்பாலும் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றியதாக இருக்கும். மாதந்தோறும் வந்த மணியோடரும் அவ்வாறே. தபாற்காரன் கொண்டுவந்த அப்பணத்தினாற் கல்வீடுகள் எழுந்தன, தங்கைமார் கரையேறினர், கோயில்கள் திருப்பணி கண்டன, பிள்ளைகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆயினர். யாழ்ப்பாணத்தின் பொருள்வாழ்வை 'மணியோடர்ப் பொருளாதாரம்' என்று அறிஞர் குறிப்பிட்டதும் இதனாலேயே.

இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்கி நின்ற தூண் யார்? தாய். காய்ச்சல் கண்ட பிள்ளையை இரவில் வண்டிபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடியவள் அவள். வயலுக்கு ஆள் பிடித்தவளும், கூலி கொடுத்தவளும், தலைமையாசிரியரைக் கண்டு பேசியவளும், கண்டிக்க வேண்டிய இடத்திற் கண்டித்தவளும் அவளே. தந்தையின் உத்தியோகத்துக்குச் சம்பளப் பட்டியல் இருந்தது, பதவியுயர்வு இருந்தது, முடிவில் ஓய்வூதியம் இருந்தது. அவளுடைய உத்தியோகத்துக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. ஒருவர் உழைப்பினால் உயர்ந்த குடும்பம் என்று ஊர் புகழ்ந்தபோது, கணக்கில் வராத மற்றொருவரின் உழைப்பும் அதனுள் இருந்தது. பிற்காலத்திலே பெண்கள் பெருந்தொகையாக ஆசிரியத் தொழிலிற் புகுந்தபோது இச்சுமை இரட்டித்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தொலைவிலிருந்து நடத்திய இல்லறம் எத்துணை மெல்லிய நூலில் தொங்கியது என்பதை இரு நிகழ்ச்சிகள் காட்டின. ஜப்பானியர் 1942 பெப்ருவரியிற் சிங்கப்பூரைக் கைப்பற்றியபின், 1945 வரை மலாயாவிலிருந்து ஊருக்கு வந்த பணமும் கடிதமும் தடைப்பட்டன. தந்தை இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாத நிலையில் எத்தனையோ வீடுகள் அவ்வாண்டுகளைக் கழித்தன. பின்னர், கொழும்பிலிருந்தோர் சிலர் துணிந்து மனைவி மக்களை அழைத்துச் சென்று வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளிற் குடியமர்ந்தனர். மாலையிற் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பேறு அவர்க்குக் கிட்டியது. ஆனால் 1958 கலவரத்தின்போது அக்குடும்பங்களுட் பல அகதிகளாகிக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்தன. அதன்பின் குடும்பத்தை ஊரிலேயே விட்டுத் தாம் மட்டும் வேலைக்குத் திரும்பிய தந்தையரின் பிரிவு, விருப்பத்தினால் நேர்ந்த பிரிவன்று.

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் இவ்விடத்தில் நமக்குத் துணைசெய்கிறது. மக்களின் உடல் தீண்டும் இன்பத்தையும், அவர்தம் மழலை கேட்கும் இன்பத்தையும் வள்ளுவர் முதலிற் கூறுகிறார். மகனை அவையிலே முந்தியிருக்கச் செய்யும் தந்தையின் கடமையை அவற்றின் பின்னரே கூறுகிறார். நம் தந்தையர் பின்னதை நிறைவேற்றும் பொருட்டு முன்னவற்றைத் துறந்தனர். கடமையைச் செவ்வனே செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்துறவின் விலை அவர்க்குப் பின்னரே தெரிந்தது. 55 வயதை அண்டி ஓய்வுபெற்று ஊர் வந்து, மாமர நிழலிலே சாய்மனைக் கதிரையைப் போட்டு அமர்ந்தபோது, பேசிப் பழக விரும்பிய பிள்ளைகள் வீட்டில் இல்லை. அவர்களும் உத்தியோகம் பெற்று, அதே நிலையத்தில் அதே கோச்சியில் ஏறிவிட்டார்கள். திருமண வாழ்விலே ஈட்டிய பொருளைத் தேசவழமை 'தேடியதேட்டம்' என்று அழைக்கிறது. பிள்ளையின் குழந்தைப்பருவம் அத்தேட்டத்திற் சேராத பொருள். தவறவிட்டால் பின்பு தேடிப் பெறமுடியாதது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியராகவே இருந்து, குறைந்த வருவாயோடு பிள்ளைகளின் நடுவே வாழ்ந்தவர்களும் இம்மண்ணில் இருந்தனர். அவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று சிலராற் பேசப்பட்டனர். அவ்வாறு பேசியது நீதியா என்பதை இன்று நாம் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

1990இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது. 2000ஆம் ஆண்டின் போரிலே சாவகச்சேரிப் பட்டினம் இடிபாடாயிற்று. 2014 ஒக்டோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, வழியிற் சாவகச்சேரி நிலையத்திலும் நின்றது. இடைப்பட்ட காலத்தில் தொலைவின் அளவு மாறிவிட்டது. இன்று தென்மராட்சிப் பிள்ளையின் தந்தை தொரொன்ரோவிலோ இலண்டனிலோ கட்டாரிலோ இருக்கலாம். தாயே வேலை தேடிக் கடல் கடந்திருக்கவும் கூடும். மணியோடரின் இடத்தை வங்கி பெற்றது. கடிதத்தின் இடத்தைக் கைத்தொலைபேசி பெற்றது. முகமும் குரலும் கணத்தில் வந்து சேர்கின்றன. ஆயினும் பேச்சு முழுவதும் பரீட்சைப் புள்ளியாகவும் பணக்கணக்காகவும் இருக்குமாயின், பழைய கடிதத்திலிருந்து அது பெரிதும் வேறுபட்டதாகாது.

தொழிலை விடுதல் எல்லார்க்கும் இயலாது. விடவேண்டும் என்று வற்புறுத்துவதும் பொருந்தாது. வெள்ளி இரவு வண்டியேறிய எழுதுவினைஞர் காட்டிய வழி ஒன்று நமக்கு உண்டு. தம்மிடமிருந்த சிறிய ஓய்வை முதலிற் பிள்ளைக்கென ஒதுக்கிவைத்து, மற்றவற்றை அதன்பின் வைத்தார் அவர். இன்று விளையாட்டில் யார் வென்றார்கள், கிணற்றடிப் பூனை குட்டி போட்டதா என்று கேட்கும் தந்தையிடமே பிள்ளை தன் பெரிய துன்பத்தையும் ஒருநாள் சொல்லும். அவையிலே முந்தியிருக்கச் செய்தல் நெடுநாட் பணி. மழலை கேட்டற்குரிய காலமோ மிகக் குறுகியது. வள்ளுவர் அதனை முன்வைத்த முறை, உழைக்கும் பெற்றோர் யாவரும் உள்ளத்திற் கொள்ளத்தக்கது.