மிட்டாய்க்கு நடுவே ஏன் ஓட்டை?

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களுக்கு முன் சுற்றிய ஒரு ஃபார்வர்டை நீங்களும் படித்திருப்பீர்கள். மிட்டாய் தொண்டையில் சிக்கி மகளைப் பறிகொடுத்த ஓர் அமெரிக்கத் தந்தை, இனி எந்தக் குழந்தைக்கும் அப்படி ஆகக் கூடாது என்று நடுவில் ஓட்டை வைத்துப் புதினா மிட்டாய் செய்தாராம். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜிகள். நானும் ஒன்று போட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்து தேடிப் பார்த்தேன். கதை பொய்.

ஓட்டை மிட்டாயைக் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ் கிரேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சாக்லேட் வியாபாரம் செய்தவர். அவருக்கு மகளே கிடையாது. ஒரே பிள்ளை ஹார்ட் கிரேன், பின்னாளில் பெரிய கவிஞராகப் பெயர் எடுத்தவர்.

கிரேனின் பிரச்சினை வெயில். கோடையில் சாக்லேட் உருகும், கடைக்காரர் வாங்க மாட்டார். (ஏப்ரலில் சாக்லேட் வாங்கி வீடு வந்து சேர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்!) உருகாத சரக்காக ஏதாவது வேண்டும் என்று 1912-இல் புதினா மிட்டாயில் இறங்கினார். அப்போது அங்கே விற்ற புதினா மிட்டாய்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, தலையணை வடிவம். தன்னுடையது தனியாகத் தெரிய வேண்டும் என்று, மாத்திரை செய்பவரிடம் கொடுத்து, வட்டமாக, நடுவில் துளையோடு அழுத்தி எடுக்கச் சொன்னார். பார்த்தால் கப்பலில் தொங்கும் உயிர்காப்பு வளையம் மாதிரி இருந்தது. ‘லைஃப் சேவர்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார். உயிரைக் காப்பாற்றுவது என்பது அந்தப் பெயரில் மட்டும்தான் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஃபார்வர்டைப் படித்த ஒரு இளம் அம்மா லிஃப்டில் என்னிடம், “அப்போ இதைப் பாப்பாவுக்குக் கொடுக்கலாம்தானே, மாமா?” என்று கேட்டார். பாப்பாவுக்கு இரண்டு வயது. வேண்டாம் அம்மா. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கெட்டியான மிட்டாய் எதையும் கொடுக்கக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. கடித்து உடைத்த துண்டில் ஓட்டை ஏது?

சரி, கிரேனுக்கு வருவோம். அவர் அந்த மிட்டாயை நம்பவில்லை. 1913-இல் எட்வர்ட் நோபிள் என்ற விளம்பரக்காரர் வந்து, “இதற்கு விளம்பரம் செய்யுங்கள்” என்று வற்புறுத்த, “நீயே வாங்கிக்கொள்” என்கிற மாதிரி உரிமையை விற்றுவிட்டார். விலை 2,900 டாலர்.

வாங்கிய பிறகுதான் நோபிளுக்குத் தெரிந்தது: அட்டைக் குழாயில் அடைத்த மிட்டாய் கொஞ்ச நாளில் மணம் போய், பசை வாடை அடித்தது. ஒருமுறை வாங்கிய கடைக்காரர் மறுமுறை தொடவில்லை. நோபிள் ஈயத்தாளில் சுற்றினார். மணம் நின்றது. ஆனால் கெட்ட பெயர் போகவில்லையே? மிட்டாய்க் கடைகளை விட்டுவிட்டு மதுக்கடை, சுருட்டுக்கடை, முடிதிருத்தும் கடை என்று ஏறி இறங்கினார். வாய் நாற்றத்தை மறைக்க வேண்டியவர்கள் அங்கேதானே இருந்தார்கள்! கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மிட்டாயை வைத்து, ஐந்து சென்ட் என்று பெரிதாக எழுதி வைக்கச் சொன்னார். இன்னொரு தந்திரமும் சொல்லிக் கொடுத்தார்: மீதிச் சில்லறை கொடுக்கும்போது அதில் கட்டாயம் ஓர் ஐந்து சென்ட் நாணயம் இருக்கட்டும். கையில் காசு, கண்ணெதிரே மிட்டாய். வாங்காமல் எப்படிப் போவார்கள்?

நம் ஊரில் இதைத் தலைகீழாக அனுபவித்திருக்கிறோம். “சில்லறை இல்லை சார்” என்று காசுக்குப் பதில் மிட்டாயையே கையில் வைப்பார்கள். அவர் காசு கொடுத்து மிட்டாய்க்கு ஆசை காட்டினார். இவர்கள் ஆசை காட்டும் வேலையையே மிச்சப்படுத்திவிட்டார்கள். ஃபோனில் பணம் அனுப்பும் பழக்கம் வந்தபின் எங்கள் தெருமுனைக் கடைக் கல்லாவில் அந்த மிட்டாய் பாட்டிலைக் காணோம்.

கல்லாப்பெட்டி ஓரத்தில் சேர்ந்த அந்தக் காசு நோபிளை எங்கே கொண்டுபோனது தெரியுமா? 1943-இல் அவர் 80 லட்சம் டாலருக்கு ஒரு வானொலி வலையமைப்பை வாங்கினார். அதுதான் பிறகு ஏபிசி ஆனது, அமெரிக்காவின் மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒன்று. கிரேன் 1931-இல் காலமானார். மறு ஆண்டு அவர் மகன் கப்பலிலிருந்து கடலில் குதித்து இறந்துபோனார். தந்தை மிட்டாய்க்கு வைத்த பெயரை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

நமக்குப் பழக்கமான ஓட்டை மிட்டாய் போலோ. இங்கிலாந்தில் யார்க் நகரத்து ரௌண்ட்ரீ கம்பெனியின் சரக்கு. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டதால் தள்ளிப்போய் 1948-இல் கடைக்கு வந்தது. 1988-இல் ரௌண்ட்ரீயை நெஸ்லே வாங்கியது. தொலைக்காட்சியில் அதன் விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிட்டாயைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஓட்டையைப் பற்றியே பேசுவார்கள். புதினாவின் குளிர்ச்சியும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. வாய் உண்மையில் குளிர்வதில்லை. நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் நாக்கின் மேல் அப்படியேதான் இருக்கும்.

போலோக்காரர்கள் 1995-இல் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். ஐரோப்பியச் சட்டம் ஒன்றின்படி இனிமேல் மிட்டாயில் ஓட்டை வைக்க முடியாது என்று, சட்டத்தின் எண்ணோடு அறிவிப்பு. வெளியான தேதி ஏப்ரல் 1.