நிலப்படமும் பெரிய மார்க்கெட்டும்

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்துள்ளது பெரிய மார்க்கெட். குபேர் அங்காடி என்பது அதன் அரசுப் பெயர். மக்கள் நாவில் வழங்குவது பெரிய மார்க்கெட் என்பதே. அதன் வாயிலில் நின்று நோக்கினால் ஒன்று புலனாகும். நூல் பிடித்தாற்போல் தெருக்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. தானே வளர்ந்த ஊரில் தெருக்கள் இங்ஙனம் அமைவது அரிது. முதலில் தாளில் வரையப்பட்டுப் பின்னர் நிலத்தில் இறங்கிய ஊர் இது.

வரைந்தவர் யார்? 1693-இல் டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். 1699-இல் திருப்பிக் கொடுக்கும்வரை ஊர் அவர்கள் வசம் இருந்தது. அந்தச் சில ஆண்டுகளில் அவர்கள் வகுத்த நகர்ப்படமே இந்நேர்த் தெருக்களுக்கு அடிப்படை. 1761-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டு வென்று, கோட்டையையும் நகரையும் இடித்துத் தள்ளினர். 1765-இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் பழைய தெருக்களின் தடத்திலேயே நகரை மீண்டும் எழுப்பினர். மாளிகைகள் மண்ணாயின, படம் மட்டும் பிழைத்தது! நிலப்படத்தின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்த ஆற்றலை ஆங்கிலேயரும் உணர்ந்திருந்தனர். 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பார் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதில் சேர்ந்த மாணவர் எண்மர். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே 100 அடிச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். பின்னாளில் இமயம்வரை சென்ற பெரும் முக்கோண அளவைக்கு அதுவே வித்து. லாம்டனுக்காக இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள கோணமானியைப் பிரெஞ்சுக்காரர் கடலில் கைப்பற்றி மொரிஷியஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். அது அறிவியல் கருவி என்று அறிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதனைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். பகைவரும் மதித்த கலை இது. 1808-இல் அதே கருவி தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றப்படும்போது மோதிச் சிதைந்தது. லாம்டன் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார்.

அளவை அன்று ஆட்சிக்கும் வரிக்கும் படைக்கும் பயன்பட்டது. அறிவின் பொருட்டும் படம் வரையலாம் எனக் காட்டிய பெருமை புதுச்சேரிக்கு உண்டு. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் நீங்கியது. அடுத்த ஆண்டே இங்குப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. காசன், லெக்ரி முதலிய அறிஞர்கள் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடன் கூடித் தாவரப் படங்களை வரையலாயினர். பத்து லட்சத்துக்கு ஒன்று என்னும் அளவையில் அமைந்த அவ்வரிசையில் கன்னியாகுமரிப் படம் 1961-இல் வெளிவந்தது. மழை, வறண்ட மாதங்கள், மண், காடு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து, ஈரத்துக்கு ஒரு நிறம், வறட்சிக்கு ஒரு நிறம் எனக் கலந்து ஒரே தாளில் காட்டினர். ஓரிடத்தின் நிறத்தைக் கண்ட அளவிலே அங்கு எது தழைக்கும் என்று உய்த்துணரலாம்.

அதே காலத்தில் கனடா நாட்டில் ராஜர் டாம்லின்சன் என்பார், நாட்டின் நிலவளத்தைக் கணிப்பொறியில் படம்படமாக ஏற்றும் முறையை வகுத்தார். புவியியல் தகவல் முறைமை என இன்று முதுநிலை வகுப்புகளில் கற்பிக்கப்படும் துறை அங்ஙனம் உருப்பெற்றது. மண் ஒரு படலம், மழை ஒரு படலம், சாலை ஒரு படலம், மக்கள் ஒரு படலம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இவை சந்திக்குமிடத்தில் என்ன நிகழ்கிறது என்று வினவுவதே இதன் உயிர். 1988-இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ என்னும் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் விண்ணேறியபின் நம் நாட்டவருக்கு நம் நிலத்தின் படங்கள் நம் கோளிலிருந்தே கிடைக்கலாயின. எண்மரோடு தொடங்கிய அந்த அளவைப் பள்ளியே கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரியை உறுப்பாகக் கொண்ட அண்ணா பல்கலைக்கழகத்தில் இத்துறை முதுநிலைப் பாடமாக விளங்குகிறது. சங்கிலி ஏந்திய கையில் இன்று கணிப்பொறி. கலை ஒன்றே; கருவிதான் வேறு.

ஆயினும், மாணவ நண்பர்களே, ஓர் எச்சரிக்கை. வானிலிருந்து நோக்கும் கோளுக்குப் பெரிய மார்க்கெட் வெறுங்கூரை. அக்கூரையின்கீழ் மீன்கூடையுடன் அமர்ந்திருக்கும் பெண்டிரை அது காணாது. அடிக்காசு கொடுத்துத் தரையில் காய்கறி பரப்புவோரின் நாலடி இடம் எந்தப் படலத்திலும் தானே வந்து விழாது. அண்மை ஆண்டுகளில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் இம்மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் முயற்சி எழுந்தபோது, தம் இடமும் பிழைப்பும் என்னாகுமோ என்று அஞ்சி வியாபாரிகள் எதிர்த்தனர். படத்தில் இடம்பெற்றவனுக்குத் திட்டத்தில் இடம் கேட்க வழியுண்டு. படத்தில் இல்லாதவன் எதைக் காட்டிக் கேட்பான்?

ஆதலின் இத்துறையைக் கற்க விழைவோர் கணிதமும் கணிப்பொறியும் கற்பதோடு அமையலாகாது. கோல் ஊன்றி நிலத்தில் நடக்கவேண்டும். இது யார் இடம், எத்தனை தலைமுறையாக, எந்நேரத்தில் என்று மக்களிடம் கேட்டு, அந்த விடையையும் ஒரு படலமாக ஏற்றவேண்டும். டச்சுக்காரர் வரைந்த கோடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்மை நடத்திச் செல்கிறது. நீங்கள் வரையும் கோடும் அங்ஙனம் நிலைக்கக்கூடும். அது எவரையும் விட்டுவிடாத கோடாக இருக்கட்டும்.